அரசமரம் குடியேறிய ஆஸ்பத்திரி

இரத்தினபுரிச் சீமையில் மழை பெய்யாத நாளாகப் பார்த்துப் பயணம் புறப்பட எண்ணுபவர் வருஷம் முழுவதும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் வானம் அங்கே பொழிகிறது. ஆகவே நாம் வானத்தைப் பாராமல், அட்டைக்கு மாத்திரம் அஞ்சி, காலில் சவர்க்காரத்தைத் தடவி, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம்.

நாம் தேடிச் சென்றது அருவியையோ மாணிக்கக் குழியையோ அன்று. பாழடைந்து காடேறிப்போன ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியை. எம்மை அங்கே அழைத்துச் சென்றவர் சர்வகலாசாலையில் படிக்கும் ஒரு மாணவர். "என் அம்மாயி அங்கேதான் பிறந்தார், பிறகு அங்கேயே வேலையும் பார்த்தார். ஆனால் அவர் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதங்கூட இல்லை. கட்டடத்துக்குள்ளே பழைய புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியே போகத் துணிவில்லை" என்று அவர் சொன்னார். துணிவில்லாமைக்குக் காரணம் பாம்பா, பேயா என்று கேட்டோம். "இரண்டுந்தான்" என்றார்.

இரத்தினபுரியைக் கடந்து பெல்மதுளைச் சந்தியில் பலாங்கொடை வீதியை விட்டுத் திரும்பி, காவத்தை வழியாக இறக்குவானைப் பக்கம் சென்றோம். 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கைக்கும் எட்டிப்பார்த்த களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் 1976இல் இப்பக்கத்தை மறந்துவிட்டது; இப்போது பஸ்ஸையன்றி வேறு கதியில்லை. தோட்டத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. எழுதினால் இது ஒரு தோட்டத்தின் கதை ஆகிவிடும். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளட்டும்.

லயங்களைத் தாண்டிக் குறுக்குப் பாதையில் ஏறினோம். கீழே தேயிலை, மேலே றப்பர், அதற்கும் மேலே காடு. வழியில் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்மணி ஒருவரிடம் பாதை கேட்டதும், "ஆஸ்பத்திரி மலைக்கா? நேரே போங்க" என்று கைகாட்டினார். அந்த மலைக்கு அதுதான் பெயராம். ஆஸ்பத்திரி மூடி நாற்பது வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் பெரட்டுக்களத்தில் இன்றும் நாளாந்தம் கூப்பிடப்படுகிறது.

முதலில் கட்டடம் எமக்குத் தெரியவே இல்லை. எதிரே நின்றுகொண்டே, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டோம். மாணவர் சிரித்துக்கொண்டு ஒரு கொடியை விலக்கினார். அதன் பின்னால் கருங்கற் சுவர் இருந்தது.

நீண்ட மண்டபம் ஒன்று, அதன் கோடியில் இரண்டு அறைகள், முன்புறம் தூண் வைத்த விறாந்தை. இவ்வளவுதான் பழைய அமைப்பு. கூரைத் தகரத்தில் காற்றுக் கொண்டுபோனது பாதி, கைகள் கொண்டுபோனது பாதி. கதவு, யன்னல்களுக்கும் அதே கதி. ஆனால் சுவர்கள் நின்றன. அவற்றை நிறுத்தி வைத்திருந்தது கொத்தனாரின் கைத்திறன் மட்டுமன்று என்பதை அருகே சென்றபோது கண்டோம்.

வடக்குச் சுவரின் உச்சியில் ஓர் அரசமரம். அதன் வேர்கள் சுவரின் இருபுறமும் வழிந்து இறங்கி, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் புகுந்து, மறுபடி வெளிவந்து, தரையைத் தொட்டுப் பருத்திருந்தன. யன்னல் ஒன்று வேர்களால் அடைபட்டுச் சிறைக்கம்பி போட்டதுபோல் இருந்தது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவ நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. அரசம்பழத்தைத் தின்ற குக்குறுவானோ வௌவாலோ எச்சமிடும்போது, கடுகிலும் சிறிய வித்து சுவரின் வெடிப்பில் விழுகிறது. எச்சமே அதற்கு எரு. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயல்புடையது. இன்றைய சீமெந்தைவிட வேருக்கு இணக்கமானது. மயிரிழை போன்ற வேர் முதலில் ஈரத்தைத் தேடி உள்ளே இறங்குகிறது. மண்ணைத் தொட்டுவிட்டால் பிறகு அதற்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்காண்டு பருத்து, ஆப்பு அடித்தாற்போலக் கற்களைப் பிளக்கிறது. பிளந்த கற்களை விழவிடாமல் வலைபோல் கட்டிப் பிடிப்பதும் அதே வேர்தான். மரத்தை இப்போது வெட்டினால், வேர் உக்கியதும் சுவர் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வெட்டுவாரும் இல்லை. இந்நாட்டில் போதிமரத்தின்மேல் கத்தி வைக்கச் சிங்களவர் துணியார். எம்மவரும் அரசடிப் பிள்ளையாரை நினைத்துக் கையை மடக்கிக்கொள்வர். ஆலோ இச்சியோ முளைத்திருந்தால் இவ்வளவு மரியாதை கிடைத்திராது.

விறாந்தைக்கு முன்னால் ஒருகாலத்தில் பூந்தோட்டம் இருந்திருக்க வேண்டும். செம்பரத்தை மரமாகி நின்றது. குரோட்டன் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. இடிந்த படிக்கற்களிடையே, வெயில் சற்று விழும் இடத்தில், நித்தியகல்யாணி இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. இச்சிறு செடியிலிருந்துதான் 1950களின் இறுதியில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். இதே செடி தரும் வின்கிறிஸ்டின் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அழகுக்காக நட்டவர் அதை அறிந்திருக்கமாட்டார். டாக்டர் போனார், மருந்து போயிற்று. மருந்துச் செடி மட்டும் தன் பாட்டில் பூத்துக்கொண்டிருக்கிறது.

மற்றப்படி முற்றம் முழுவதும் அந்நியர் ஆட்சி. உண்ணிச்செடி அமெரிக்க நாட்டிலிருந்து 1826இல் பூங்காவுக்கென்று கொண்டுவரப்பட்டு வேலி தாண்டி ஓடியது. தொட்டாற்சுருங்கியும் அவ்வழி வந்ததே. றப்பரும் அப்படித்தான், 1876இல் பிரேசில் நாட்டு வித்திலிருந்து முளைத்த கன்றுகளாக ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்தது. அதன் காய் வெயிலில் 'படார்' என வெடித்து வித்தை வீசும். வீசிய வித்தெல்லாம் முளைத்து, மண்டபத்தின் நடுவிலேயே பால்வெட்டுக் காணாத றப்பர் மரங்கள் நான்கு நிற்கின்றன. பின்புறத்தில்தான் உள்ளூரார் தலைகாட்டத் தொடங்கியிருந்தனர். சிங்களத்தில் கெந்த எனப்படும் வட்டக்கண்ணி தன் குடை போன்ற இலைகளை விரித்து நிழல் செய்திருந்தது. வெட்டவெளியில் முதலில் வந்து நின்று, நிழல் விரும்பும் காட்டு மரங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது அதுதான். மேற்கே மலைத்தொடருக்கு அப்பால் சிங்கராஜ வனம் இருக்கிறது. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரங்கள் வெட்டப்பட்டன. மக்கள் எழுப்பிய எதிர்ப்பினால் 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுச் செல்வமாயிற்று. இந்த ஆஸ்பத்திரியை விழுங்கிக்கொண்டிருப்பதும் அந்தக் காட்டின் உறவினர்தாமே என்று எண்ணியபோது எமது கோபம் சற்றுத் தணிந்தது.

பேய் என்ன ஆயிற்று என்று சிறுவர்கள் கேட்பார்கள். உள்ளே நுழைந்ததும் 'தொப், தொப்' என்று யாரோ நடக்கும் ஓசை கேட்டது உண்மை. மாணவர் எமது கையைப் பற்றிக்கொண்டார். நாமும் அவர் கையைப் பற்றிக்கொண்டோம். பார்த்தால், இலைகளில் தேங்கிய நேற்றைய மழைநீர், உட்கூரையில் எஞ்சிய ஒரு தகரத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்றத்துக்கு வௌவால் பொறுப்பு. ஆயினும் தோட்டத்தார் அஞ்சுவதை முழுவதும் மூடநம்பிக்கை என்று தள்ள எமக்கு மனமில்லை. அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சட்டம் கட்டிய வீடு

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையாயினர். தோட்டத்தை அடைந்தபின் படுத்தவரைப் பார்க்கவும் ஆளில்லை. 1872இல்தான் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென முதற் சட்டம் பிறந்தது. அதன்பின் 1880களில் திருத்தங்கள், 1912இல் விரிவான புதிய சட்டம். தேயிலை முதலிய விளைபொருட்களின் ஏற்றுமதித் தீர்வையில் ஒரு பங்கு வைத்தியச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. தானே ஆஸ்பத்திரியும் மருந்துச்சாலையும் வைத்து நடத்தும் தோட்டத்துக்குத் தீர்வையில் கழிவும் உண்டு. தோட்டந்தோறும் இத்தகைய கட்டடங்கள் எழுந்ததன் இரகசியம் இதுவே. தருமமும் கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டன. நோயாளி எழுந்தால் மறுநாள் பெரட்டுக்கு ஓர் ஆள் கூடும் அல்லவா?

ஆதலால் ஆரம்பத்தில் ஜனங்கள் ஆஸ்பத்திரியை நம்பவில்லை. முற்றிய நோயாளிகளையே கொண்டுபோனதால், போனவர் பெரும்பாலும் திரும்பவில்லை. திரும்பாததால் மற்றவர் போகவில்லை. நோயை லயத்துக் காம்பராவுக்குள் மறைத்து வைத்தார்கள். அந்தப் பயம்தான் இன்று பேயாக நிற்கிறது என்பது எமது துணிபு.

நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் வந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கினர். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகும் அப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோம்பேறி என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கிய எத்தனையோ பேர் உண்மையில் சோகை பிடித்தவர்கள். கசப்பான எண்ணெய் மருந்தும் பேதியுப்பும் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு மறுபடியும் வரும் என்று அவர்கள் எடுத்துச் சொன்னதைத் துரைமார் எல்லோரும் விரும்பிக் கேட்கவில்லை. மருந்தைவிடக் கல்லும் மண்ணும் விலை கூடியவை.

பின்னர் 1934ஆம் ஆண்டு இறுதியில் மலேரியா வந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. ஈரவலயத்தில் இருந்தவர்களுக்கு அந்நோய் பழக்கமில்லாததால் உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. சில மாதங்களுக்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலைப் பகுதி மிகக் கொடிய துயரைக் கண்டது. அங்கே வீடு வீடாகச் சென்று மருந்தும் பருப்பும் வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்றே ஜனங்கள் பெயர் வைத்தார்கள். 1936இல் றுவான்வெல்லைத் தொகுதியில் அவரை அரசாங்க சபைக்கும் அனுப்பினார்கள். அதே நாடு 2016இல் மலேரியா அற்ற தேசம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. காய்ச்சலில் படுத்தவர்கள் கிடந்த இம்மண்டபங்களில் இன்று நுளம்புக்குத்தான் கடிக்க ஆளில்லை.

1939இல் வந்த பிரசவ சகாயச் சட்டம் மற்றொரு மாற்றத்தைச் செய்தது. பிரசவ விடுதியும் மருத்துவச்சியும் வைத்திருந்த தோட்டங்கள் அச்சகாயத்தின் ஒரு பகுதியை அவ்வழியே கொடுக்க இடமிருந்தது. அதன்பின் சாவு வீடு எனக் கருதப்பட்ட ஆஸ்பத்திரி, பிள்ளை பெறும் வீடாயிற்று. எமது மாணவரின் அம்மாயி இங்கே பிறந்ததும் அக்காலத்திலேதான்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இக்கைமாற்றங்களுக்கு இடையில் சில ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன, சில மருந்துச்சாலையாகச் சுருங்கின. இது போன்றவை எவரும் மூடாமலே மூடிப்போயின. டாக்டரையா மாற்றலாகிப் போனார், வேறொருவர் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப்பின் நோயாளிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறியிலேயே பிறந்த குழந்தைகளைப் பற்றியும் கேள்விப்பட்டோம்.

கறையான் படித்த புத்தகம்

மண்டபத்தில் இரும்புக் கட்டில்கள் ஐந்து எஞ்சியிருந்தன. ஒன்றன் சட்டத்தினூடாக றப்பர் மரம் ஒன்று வளர்ந்து, கட்டிலையும் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிவிட்டது. கோடியிலுள்ள மருந்தறையில் சீமெந்துத் தட்டு, கபில நிறப் போத்தல்கள் சில, துருவேறிய பீங்கான் பூச்சுத் தட்டம் ஒன்று. சுவரோடு பொருத்திய அலுமாரியைக் கண்டதும் மாணவர் ஓடினார். உள்ளே புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன! எம் நெஞ்சும் ஒருகணம் துள்ளியது. தொட்டபோதுதான் தெரிந்தது, அவை புத்தகங்கள் அல்ல, புத்தக வடிவான புற்று. கறையான் தாளையெல்லாம் தின்று, அந்த இடத்தில் மண்ணை அதே வடிவில் வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒரேயொரு பேரேட்டின் நடுத்தாள்கள் மட்டும் தப்பியிருந்தன. நாள், பெயர், நோய் என்று அச்சிட்ட ஆங்கிலத் தலைப்புகள் தெளிவாக இருந்தன. அவற்றின் கீழே மையெல்லாம் மழையில் கரைந்து, தாள் முழுவதும் ஒரே நீலமாகிவிட்டது. அச்சு நின்றது, கையெழுத்துப் போயிற்று. மாணவர் அந்தத் தாள்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நாம் வெளியே வந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியின் வரலாற்றை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாதது அன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலோடு சேர்ந்து நடந்த 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையில் 15 கட்டில்கள் இருந்தன என்பதையும், வைத்தியர், சத்திரசிகிச்சை செய்பவர், மருந்துக்குப் பச்சிலை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் பெற்ற ஊதியத்தையும், இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது ஒன்றுவிடாமல் சொல்கிறது. இந்நாட்டிலேயே மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் அடித்தளமும், மனித உருவம் படியும்படி குடைந்த கல் மருந்துத் தொட்டியும் இன்றும் காணலாம். கம்போடியாவில் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஏழாம் ஜயவர்மன் நாட்டில் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததைச் சொல்கிறது. அக்கல்வெட்டு இருந்த தாப்ரோம் கோயில் எப்படிப்பட்டது தெரியுமா? இதே போல மரவேர் மூடிய கோயில். அந்த வேர்களைப் பார்ப்பதற்கென்றே உலகமெங்குமிருந்து ஜனங்கள் கப்பலேறிப் போகிறார்கள். வேர் ஒன்றுதான். அங்கே கல்லில் எழுதினார்கள், இங்கே கூலிக்காரரின் பெயரை மையினால் எழுதினார்கள்.

தோட்டத்துக் காரியாலயத்திலும் விசாரித்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் அன்போடு அலுமாரியைத் திறந்து காட்டினார். 1971க்கு முந்திய புத்தகம் ஒன்றுமில்லை. மாவட்டத்தில் உரிய இடத்தில் முன்பே விண்ணப்பித்ததாகவும், 'தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை' என்று பதில் வந்ததாகவும் மாணவர் சொன்னார். தோட்டத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றித் துரை அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அறிவித்தாரா, அறிவித்தது பதியப்பட்டதா, பதிந்தது செல்லரித்ததா, யாரறிவார்?

ஒரு தாள் இல்லாவிட்டால் என்ன என்று நகரத்தில் இருப்பவர் நினைக்கலாம். மலையகத்தார் அப்படி நினைக்க முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. பூட்டன் பிறந்ததற்கு யாரிடம் தாள் இருந்தது? 1949ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். செக்றோல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கையில் அகப்பட்டதையெல்லாம் சான்றாகக் கொண்டு ஓடினார்கள். ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். எஞ்சியவரை எண்ணிப் பங்கிட 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், முடிவு பிறகு என்று 1,50,000 பேர். அந்த 1,50,000 பேரையும் 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் பெரும்பாலும் நீங்கிற்று.

மாணவரின் அம்மாயியினது தந்தையாருடைய விண்ணப்பம் சான்று போதாதென்று தள்ளுபடியானது. அண்ணன் குடும்பம் தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலேறி இராமேசுவரத்துக்குப் போயிற்று. தங்கை இங்கே நின்றுவிட்டார். இப்போது அவரிடம் பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் இருக்கின்றன. பிறந்த நாள் மட்டும் உத்தேச வயதுச் சான்றிதழின்படி 1943 ஜனவரி 1. அத்தோட்டத்து முதியோர் பலருக்கும் ஜனவரி 1தான் பிறந்த நாள்! வருஷப் பிறப்பன்று அத்தனை குழந்தைகளையும் ஏந்திக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மருத்துவச்சிகள் இருந்தார்களோ என்று நாம் வேடிக்கையாகக் கேட்டோம். கேட்டபின் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அம்மாயியின் கணக்கு

மாலையில் லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்பில் பாய் விரித்து, இஞ்சி தட்டிப் போட்ட சாயமும் கொடுத்து உபசரித்தார் அந்த மூதாட்டி. எண்பதைத் தாண்டிய உடல். கண் மட்டும் கூர்மை. பேரன் தலைகுனிந்து, "ஒண்ணும் கெடைக்கல அம்மாயி. கறையான் தின்னுருச்சு" என்றார். அவர் அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை.

"கட்டிலு இருக்கா ஐயா?" என்று எம்மைக் கேட்டார்.

ஐந்து இருக்கின்றன என்றோம்.

"பன்னெண்டு இருந்துச்சு. சன்னலோரம் மூணாவதுதான் பிரசவக் கட்டிலு. என்னைப் பெத்ததும் அதுலதான், என் புள்ளைக நாலு பேரையும் நான் பெத்ததும் அதுலதான். கொழும்பிலே குண்டு போட்டு ரெண்டு மாசம் கழிச்சு, ஆனி மாசத்து மழையிலே பொறந்தவ நான்னு எங்கம்மா சொல்லும்."

நாம் திடுக்கிட்டோம். கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி. அப்படியானால் இவர் பிறந்தது 1942 ஜூன். அரசாங்கத்துச் சான்றிதழை விட அவர் தாயாரின் கணக்கு ஏழு மாதம் முந்தியது. அதற்கு ஆதாரமாக ஓர் உலக யுத்தமே நிற்கிறது. பேரன் இதைக் கேட்பது முதல் தடவை என்பது அவர் முகத்திலே தெரிந்தது. "ஏன் இதைச் சொல்லவே இல்லை?" என்றார். "நீங்க யாரும் கேக்கலையே சாமி" என்றார் அம்மாயி.

கையோடு கொண்டுபோன குறிப்புப் புத்தகத்தை விரித்து, அந்தக் கட்டிலில் வேறு யார் யார் பிறந்தார்கள் என்று கேட்டோம். பதினெட்டு வயதில் மருத்துவச்சிக்குக் கையாளாக அங்கே சேர்ந்தவர் அல்லவா? அவர் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். லயத்தின் பெயர், தாயின் பெயர், பிள்ளை ஆணா பெண்ணா, அதன் பிறகு வருஷம். அவருடைய வருஷங்களுக்கு இலக்கமில்லை. "சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வச்ச வருஷம், மேல் லயத்துலே பொம்பளப் புள்ளை." "மனுசன் சந்திரனுக்குப் போன வருஷம், ரெட்டைப் புள்ளை, மூத்தது தங்கல." "மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத பஞ்ச வருஷம், அந்தத் தடவை தாயும் போச்சு." "தோட்டத்தை அரசாங்கம் எடுத்த மறுமாசம், டிஸ்பென்சர் வீட்டுக்கே ஒண்ணு." "கலவரத்துலே எல்லாரும் றப்பர் மலைக்குள்ளே ஒளிஞ்சிருந்த ராத்திரி, ஆஸ்பத்திரிக்கு வர முடியாம, அங்கேயே பொறந்துச்சு. அதையும் எழுதுங்க. மருத்துவச்சி அம்மாவும் நானும் இருட்டுலே போனோம்."

எந்தக் கலவரம் என்று கேட்டோம். 1977, 1981, 1983 என்று இச்சீமைத் தோட்டங்களில் பல உண்டு அல்லவா? "ரெண்டாவது" என்றார், யோசிக்காமல்.

நாம் 1964, 1969, 1974, 1975, 1981 என்று ஓரத்தில் இலக்கத்தைக் குறித்துக்கொண்டே வந்தோம். பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். நடுத்தர வயதுள்ள ஒருவர், தாம் எந்த மாதம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "தீவாளிக்கு மூணு நாள் இருக்கு. ஒங்கப்பன் சாராயம் குடிச்சுட்டு ஆஸ்பத்திரி வாசல்லே பாடிக்கிட்டிருந்தான்" என்று பதில் வந்ததும் இஸ்தோப்பு முழுவதும் சிரித்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே பேரனிடமிருந்து ஒரு தாள் வாங்கி அதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

41 பேரை எழுதியிருப்போம். கீழே சந்தியில் இரத்தினபுரிக்குக் கடைசி பஸ் ஒலியெழுப்பிற்று. மழையும் பிடித்துக்கொண்டது. நாம் புத்தகத்தை மூடி எழுந்தோம். மூதாட்டி ஒரு வாழையிலையை எடுத்து எமது புத்தகத்தின் மேல் சுற்றிக் கொடுத்தார்.

"மேல் லயம் மட்டுந்தான் முடிஞ்சிருக்கு. கீழ் லயமும் பத்தாம் நம்பர் லயமும் கெடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை வெள்ளனவே வாங்க ஐயா" என்றார்.